கலங்கிய நீச்சல் குளம்: படிகாரமா, கிளாரிஃபையரா, புதுத் தண்ணீரா?

மழைக்காலம் முழுவதும் மூடிக்கிடந்த நீச்சல் குளங்களைக் கோடைக்காகத் திறக்கும்போது, ஓசூர், சூளகிரி, பாலக்கோடு வட்டாரப் பண்ணை வீடுகளிலும் பள்ளிகளிலும் தண்ணீர் பெரும்பாலும் வெளுத்தோ பச்சை படர்ந்தோ கலங்கி நிற்கிறது. அதைத் தெளிய வைக்க இங்கே பொதுவாகச் சொல்லப்படும் வழிகள் மூன்று: முழுவதும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவது, படிகாரம் போட்டுப் படிய வைப்பது, நுண்துகள்களை ஒன்றுசேர்க்கும் கிளாரிஃபையர் திரவம் ஊற்றி வடிகட்டியை ஓடவிடுவது. 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் சராசரியாக 1.2 மீட்டர் ஆழமும் உள்ள, அதாவது 60,000 லிட்டர் கொள்ளும் குளத்தை அளவாக வைத்து இவற்றை ஒப்பிடுகிறேன்.

இறைத்து நிரப்புவதை நான் பரிந்துரைக்கவில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால், 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பியிருக்கும் மாவட்டங்கள் இவை. அந்தக் குடிநீரைக் குளத்துக்குத் திருப்புவது அநியாயம். போர் தண்ணீரை நிரப்பினாலோ, அதில் கரைந்துள்ள சுண்ணாம்பும் இரும்பும் குளோரின் பட்டுக் காரத்தன்மை ஏறியதும் வெளியே வந்து, புதுத் தண்ணீரையும் கலக்கிவிடக்கூடும்.

மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு முன் கலங்கலின் காரணத்தை அறிய வேண்டும். ஒரு கண்ணாடிக் குவளையில் குளத்து நீரை எடுத்துச் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். தெளிந்தால் அது சுண்ணாம்புக் கலங்கல், தெளியாவிட்டால் பாசியோ தூசியோ எனக் கொள்ளலாம். சுண்ணாம்பாக இருந்தால், நீர்த்த ஆசிட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2 அருகே கொண்டுவந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். பாசியாக இருந்தாலும் முதல் வேலை பிஎச்சைக் குறைப்பதுதான், ஏனெனில் பிஎச் 8-இல் குளோரினில் ஏறத்தாழ கால்பங்கே கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கிறது, 7.2-இல் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது.

குளோரினிலும் தேர்வு உண்டு. பிளீச்சிங் பவுடர் மலிவானது, எளிதில் கிடைப்பது. ஆனால் அதன் கரையாத சுண்ணாம்பு, ஏற்கெனவே கடினமான நம் தண்ணீரில் மேலும் வெண்மையைக் கூட்டுகிறது. ஆகவே இப்பகுதிக்குத் திரவக் குளோரினே, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டே, பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. 10 சதவீதத் திரவம் 6 லிட்டர், மேற்சொன்ன குளத்தில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் குளோரினை ஏற்றும். வெயில் குளோரினை அழித்துவிடுவதால் அதை மாலையில் ஊற்றுவதே பலன் தரும். வெயிலில் வைத்த பழைய கேன்களின் வீரியம் குறைந்திருக்கும் என்பதால் புதிதாக நிரப்பியதையே கேட்டு வாங்க வேண்டும். ஆசிட்டையும் குளோரினையும் ஒருபோதும் ஒரே நேரத்திலோ ஒரே வாளியிலோ சேர்க்கக் கூடாது. அதிலிருந்து எழும் நச்சுவாயு உயிரைப் பறிக்கக்கூடியது.

பாசி செத்து, தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறிய பிறகுதான் படிகாரமா கிளாரிஃபையரா என்ற போட்டியே வருகிறது. லிட்டருக்கு 20 முதல் 40 மில்லிகிராம் என்ற கணக்கில் இக்குளத்துக்கு 1.2 முதல் 2.4 கிலோ படிகாரம் போதும். படிகாரம் வேலைசெய்யத் தண்ணீரின் காரச்சத்தை உண்கிறது. அது குறைந்த ஊர்களில் சோடாவோ சுண்ணாம்போ கூடச் சேர்க்க நேரிடும், நம் போர் தண்ணீரிலோ அது தாராளமாகவே இருக்கிறது. கரைத்து ஊற்றி, பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினால், மறுநாள் காலைக்குள் அழுக்கு அடியில் படிந்துவிடும். அந்தப் படிவை மெதுவாக வேக்கம் செய்து, வடிகட்டி வழியாகச் செலுத்தாமல் நேரே வெளியேற்ற வேண்டும். நீரின் பாதையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வில், இப்படி நேரே வெளியேற்றும் ‘வேஸ்ட்’ நிலை இல்லாத குளத்தில் படிகாரம் போட்டால், அந்தப் பசை போன்ற படிவு வடிகட்டி மணலை அடைத்துக் கட்டியாக்கிவிடும். நேரே வெளியேற்றுவதால் நீர்மட்டம் கொஞ்சம் இறங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வெளியேற்ற வழியில்லாத குளங்களுக்கே கிளாரிஃபையர் ஏற்றது. மணல் வடிகட்டி சுமார் 20 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களைப் பெரும்பாலும் தவறவிடும். இத்திரவம் அவற்றை ஒன்றுசேர்த்து மணலில் சிக்க வைக்கிறது. இரண்டு மூன்று நாள் பம்ப் இடைவிடாது ஓட வேண்டும் என்பதால், மின்வெட்டு அடிக்கடி வரும் பண்ணைகளில் இது இழுத்தடிக்கும். லேபிளில் உள்ள அளவை மீறினால் கலங்கல் கூடவும் செய்யும். வடிகட்டியின் அழுத்தமானி வழக்கத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) ஏறும்போதெல்லாம் பேக்வாஷ், அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவுவது, கட்டாயம்.

வேஸ்ட் வழி இருக்கும் குளத்துக்கு நான் படிகாரத்தையே தேர்ந்தெடுப்பேன். பிஎச்சைச் சரியாகப் பிடிக்க முடியாதவர்கள், பிஎச் ஏற்ற இறக்கத்தைக் கூடுதலாகத் தாங்கும் பிஏசி (பாலி அலுமினியம் குளோரைடு) பொடியை அதற்குப் பதிலாக வாங்கலாம். எதைத் தேர்ந்தாலும், ஆழமான முனையில் அடி வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரிந்து, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமுக்கு இறங்கும் வரை குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. கலங்கிய நீரில் மூழ்குகிற பிள்ளை கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.