கைக்குழந்தை உடம்பைத் தூக்கிப்போடுவது: எது இயல்பு, எது வலிப்பு?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பு, கண் செருகி, உடல் விறைத்து, கைகால் வெட்டி இழுப்பதால் வீட்டையே கதிகலங்க வைக்கிறது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது அவசர சிகிச்சைக்கு உரியது என்றாலும், சில நிமிடங்களில் தானே அடங்கும் எளிய காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் நிலையான பாதிப்பை விட்டுச் செல்வதில்லை. இதற்கு மாறாக, மருத்துவர்கள் இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்று குறிப்பிடும் வலிப்பு காய்ச்சலே இல்லாமல், தலை ஓரிரு நொடி முன்னால் கவிழ்ந்து நிமிர்வதாக மட்டுமே தோன்றலாம்; ஆனால் வளரும் மூளையைக் கடுமையாகப் பாதிப்பது இதுதான். 1841இல் இதை லான்செட் இதழுக்கு எழுதிய கடிதத்தில் முதன்முதலாக விவரித்த இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தம் சொந்த மகனின் தலையசைவைத் தொடக்கத்தில் குழந்தையின் விளையாட்டு என்றே நினைத்திருந்தார். மருத்துவரான தந்தைக்கே தெரியவில்லை என்றால், மற்றப் பெற்றோரைக் குறை சொல்வதற்கு இடமே இல்லை.

பெரும்பாலும் இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது, பச்சிளங்குழந்தை சத்தத்துக்குத் திடுக்கிட்டுக் கைகளை விரிக்கும் மோரோ அனிச்சை. கதவு அறைந்து சாத்தப்படுவது, தலைக்குக் கொடுத்த தாங்கல் சட்டென்று விலகுவது போன்ற ஒரு தூண்டுதல் அதற்கு முன்னால் இருக்கும். ஒருமுறை வந்து அடங்கிவிடும். ஆறு மாதத்துக்குள் மறைந்தும் போகும். ஸ்பாசமோ பெரும்பாலும் மூன்று மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. குறிப்பாகத் தூங்கி விழித்தவுடன், தூண்டுதல் ஏதுமின்றி, சில நொடி இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கொத்தாக வருகிறது. ஒரே அசைவு இப்படி வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவதே மிக முக்கியமான அடையாளம் என்பது என் கருத்து.

காலை மடக்கி அழுவதால் வயிற்று வலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கும் வீடுகளும் உண்டு. கைக்குழந்தைகளின் வழக்கமான வயிற்று வலி பிறந்த சில வாரங்களில் தொடங்கி, மூன்று நான்கு மாதங்களில் தணிந்துவிடும். குழந்தை தொடர்ந்து நெடுநேரம் அழும். ஸ்பாசத்தில் உடல் மடங்கித் தளர்ந்து, மறுபடி மடங்கும். அழுகை பெரும்பாலும் நடுவிலோ முடிவிலோ வரும். ஆகவே, அதுவரை அமைதியாக இருந்த குழந்தைக்கு ஐந்தாம் மாதத்தில் புதிதாக இப்படி வந்தால், வயிற்று வலி என்று முடிவு கட்டுவது சரியல்ல.

தூக்கத்தில் மட்டும் கைகால் துள்ளி, எழுப்பியவுடன் நின்றுவிடும் துள்ளல் பொதுவாகத் தீங்கற்றது. பால் குடித்தபின் எதுக்களிப்பால் முதுகை வளைப்பதும் வலிப்பு அல்ல.

அசைவைப் பார்த்து முடிவு செய்ய முடியாதபோது, குழந்தையின் முகத்தைப் பாருங்கள். முகம் பார்த்துச் சிரித்த குழந்தை சிரிப்பை நிறுத்தினாலோ, கண்ணோடு கண் பார்க்காமல் போனாலோ, கவிழ்ந்த குழந்தை கவிழ மறந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பிறக்கும்போது மூச்சுத் திணறலோ பிறந்தபின் சர்க்கரைக் குறைவோ ஏற்பட்ட குழந்தைகளிடமும், தோலில் இலை வடிவ வெளிர் திட்டுகள் உள்ள குழந்தைகளிடமும் கூடுதல் கவனம் வேண்டும். ஏசிடிஎச், பிரெட்னிசோலோன், விகாபாட்ரின் ஆகிய மருந்துகளை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ, அவ்வளவுக்குக் குழந்தையின் வளர்ச்சியைக் காக்கும் வாய்ப்பு கூடுகிறது.

மருத்துவரின் அறையில் குழந்தைக்கு அந்த அசைவு வராமலே போகலாம். எனவே அது வரும்போதே முகமும் கைகால்களும் தெரியும்படி செல்பேசியில் படம்பிடித்துக் காட்டுவது வாய்மொழி விளக்கத்தைவிடப் பெரிதும் உதவும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி பரிசோதனையிலும் இதே சிக்கல் உண்டு: விழித்திருக்கும்போது மட்டும் சிறிது நேரம் எடுத்த பதிவில் கோளாறு தென்படாமல் போகலாம் என்பதால், குழந்தை தூங்கி விழிக்கும் நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.