டெல்டாவிலிருந்து இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்: எந்த சீட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கல்லூரி விண்ணப்பம் வாங்கும் மாதத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி எங்கே திரும்பினாலும் ஒரு விளம்பரம் கண்ணில் படும்: இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் படியுங்கள், பன்னாட்டு வங்கியில் வேலை. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. வங்கி பன்னாட்டு வங்கிதான், வேலைதான் வேறு. பங்கு வாங்கி விற்ற கணக்கைத் தீர்ப்பது, வாடிக்கையாளரின் கேஒய்சி ஆவணங்களைச் சரிபார்ப்பது, இரண்டு பதிவேடுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது எல்லாம் ‘ஆபரேஷன்ஸ்’. சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். சம்பளம் ஒழுங்காக வரும், ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது விலை கணித்துக் கொடுப்பது, ஐபிஓ (முதல்முறைப் பொதுப் பங்கு வெளியீடு) கொண்டுவருவது, கடன் பத்திரம் வெளியிடுவது ஆகியவை டீல் வேலை. அதன் மையம் மும்பை. ஆபரேஷன்ஸில் நுழைந்து மெதுவாக அந்தப் பக்கம் போய்விடலாம் என்ற கணக்கு அபூர்வமாகத்தான் பலிக்கும். இரண்டுக்கும் ஆள் எடுக்கும் வாசலே தனித்தனி. ஆகவே கீழே ஒவ்வொரு கல்லூரியையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறோம்: டீல் டீமுக்கு ஆள் எடுப்பவர்கள் அந்த வாசலுக்கு வருகிறார்களா, வராவிட்டால் அந்த சீட்டு வேறு எதற்குப் பயன்படும்?

ஊர்க் கல்லூரிகளிலிருந்து தொடங்கலாம். ராமானுஜன் கால் வைத்த கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப், அதே திருச்சியின் நேஷனல், ஜமால் முகமது, பிஷப் ஹீபர். எல்லாமே பி.காம். படிக்க நல்ல இடங்கள். டீல் டீமுக்கு நேராக ஆள் எடுக்கும் வாசல் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் இவற்றைத் தாராளமாகப் பரிந்துரைப்போம், காரணம் விலை. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிகிறது. பட்டத்தில் மிச்சமாகும் பணமும் நேரமும் சிஏவுக்கோ, எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட்டுக்கோ (CAT) போகவேண்டும். ‘பி.காம். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்’, ‘ஃபின்டெக் ஹானர்ஸ்’ என்று பெயரை நீட்டி ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் படிப்பு வேண்டாம். ரெஸ்யூமேவைப் பார்ப்பவர் கல்லூரியின் பெயரைத்தான் படிப்பார், பட்டத்தின் வாலை அல்ல.

மதிப்பெண் விஷயத்தில் மட்டும் அசட்டை கூடாது. ஐஐஎம்கள் பலவும் நேர்காணலுக்கு அழைக்கும்போது கேட் மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றையும் கூட்டிப் பார்க்கின்றன. பொறியியல் படிக்காதவர்களுக்குச் சில ஐஐஎம்களில் கூடுதல் புள்ளியும் உண்டு. பி.காம். மாணவருக்கு இது சும்மா கிடைக்கும் லாபம். ஒரு அரியர் விழுந்தால் அந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

திருச்சி என்ஐடி வேறு ரகம். ஜேஇஇ மெயின் வழி நுழைவு, பாதி இடம் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. வங்கிகள் இத்தகைய வளாகங்களுக்கு வருவது பெரும்பாலும் மென்பொருள் எழுதவும் கணித மாதிரி செய்யவும் ஆள் தேடித்தான். ஆஃபர் கடிதத்தில் ‘அனலிஸ்ட்’ என்று இருந்தால் உடனே இனிப்பு வாங்க வேண்டாம், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். தஞ்சாவூர் சாஸ்திராவுக்கும் இதே பேச்சு பொருந்தும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் பொருளாதாரத்தில் ஆழம் தேடுகிறவர்களுக்கு, டீல் வேலைக்கான குறுக்குவழியாக அல்ல.

2011-ல் தொடங்கிய திருச்சி ஐஐஎம் பற்றித்தான் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். வீட்டுக்குப் பக்கம், ஐஐஎம் என்ற முத்திரை, கட்டணம் 20 லட்சத்தை ஒட்டி. கார்ப்பரேட் ஃபைனான்ஸ், வங்கிக் கடன் பிரிவு, பங்கு ஆய்வு ஆகியவற்றுக்கு நியாயமான விலை. டீல் டீம்கள் முதலில் போய் நிற்பது அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா ஐஐஎம்களில். அவற்றை அடுத்து ஐஎஸ்பி, எக்ஸ்எல்ஆர்ஐ, டெல்லி எஃப்எம்எஸ், மும்பை ஜேபிஐஎம்எஸ் ஆகிய எம்பிஏ கல்லூரிகள். திருச்சியில் படித்து மும்பையின் சிறிய டீல் நிறுவனங்களில் நுழைய முடியும், ஆனால் அந்த இன்டர்ன்ஷிப்பை மாணவரே வலைபோட்டுப் பிடிக்கவேண்டும். கட்டணத்தில் எஃப்எம்எஸ் தனிக்கதை. அகமதாபாத் 25 லட்சத்தைத் தாண்ட, எஃப்எம்எஸ் இரண்டு ஆண்டும் சேர்த்துச் சில லட்சத்தில் முடியும். காசுக்குக் கிடைக்கும் மதிப்பில் அதற்கு நிகர் இல்லை, இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வெளியே போகத் தயார் என்றால் இரண்டு வழிகள். ஒன்று இந்தூர் ஐஐஎம்மின் ஐந்தாண்டுப் படிப்பான ஐபிஎம். நுழைவுத் தேர்வில் கணிதம் இரண்டு பகுதி, ஆங்கிலம் ஒரு பகுதி. நம் மாணவர்கள் கணிதத்தில் ஏறி ஆங்கிலத்தில் சறுக்குகிறார்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே தினமும் ஆங்கிலத் தலையங்கம் ஒன்றைப் படித்துச் சுருக்கி எழுதுவதைத் தவிர மருந்து கிடையாது. இரண்டாவது, பொது நுழைவுத் தேர்வான க்யூட் (CUET) எழுதி டெல்லிப் பல்கலைக்கழகம். அதன் எஸ்ஆர்சிசி கல்லூரியில் பொருளாதாரம், ஷஹீத் சுக்தேவ் கல்லூரியில் பிபிஏ நிதி முதலீட்டுப் பிரிவு. இரண்டுக்கும் கணிதம் வேண்டும். இங்கே காமர்ஸ் குரூப்பில் கணினிப் பயன்பாடு எடுத்தவர்கள் கதவு சாத்தியிருப்பதைப் பன்னிரண்டு முடித்த பிறகுதான் பார்க்கிறார்கள். வணிகக் கணிதம் செல்லுமா என்பதை அந்தந்த ஆண்டின் தகுதிக் குறிப்பில் சரிபார்த்துவிட்டு குரூப்பைத் தேர்ந்தெடுங்கள்.

சிஏ வழியை டெல்டாக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை, கும்பகோணத்தில் தெருவுக்கு ஓர் ஆடிட்டர். ஃபவுண்டேஷன் நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம். இன்டர் இரண்டு குரூப், ஆறு தாள். பட்டம் முடித்தவர் காமர்ஸ் என்றால் 55, மற்றவர் என்றால் 60 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் இல்லாமல் நேரே இன்டருக்குப் போகலாம். தவறு நடப்பது ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டரிடம் செய்யவேண்டிய கட்டாயப் பயிற்சியில். இப்போது அது இரண்டே ஆண்டு. அதை வீட்டுக்குப் பக்கத்து ஆபீஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டே கழித்தால் டீல் நேர்காணலில் சொல்ல ஒன்றும் இருக்காது. சென்னையிலோ மும்பையிலோ வேல்யுவேஷன் (கம்பெனிக்கு விலை கணிப்பது), டியூ டிலிஜென்ஸ் (வாங்கும் முன் அதன் கணக்கைச் சோதிப்பது) பிரிவு உள்ள நிறுவனத்தில் சேருங்கள், உதவித்தொகை குறைவாக இருந்தாலும். முதல் முயற்சியில் தேறியதா என்பதையும் டீல் டீம்கள் பார்க்கும்.

லண்டனில் ஓராண்டு எம்எஸ்சி படித்து அங்கேயே வங்கியில் சேரும் வழியும் உண்டு, அதில் மறைந்திருக்கும் சிக்கல் காலம். படிப்பு செப்டம்பரில் தொடங்கும், வங்கிகளின் விண்ணப்பங்கள் அதற்கு முன்பே திறந்து இலையுதிர் காலத்தில் மூடத் தொடங்கிவிடும். விமானம் ஏறும் முன்பே விண்ணப்பிக்காதவர் வகுப்புக்குப் பழகுவதற்குள் வாய்ப்பு போய்விடும்.

எந்தக் கல்லூரியானாலும் பிளேஸ்மென்ட் அறிக்கையை இப்படிப் படியுங்கள். அதிகபட்சச் சம்பளத்தை விட்டுவிட்டு மீடியனை, அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைப் பாருங்கள். ‘பிஎஃப்எஸ்ஐ’ (வங்கி, நிதிச் சேவை, காப்பீடு) என்ற தலைப்பில் இன்சூரன்ஸ் விற்பனையும் நகைக்கடன் கிளையும்கூட அடங்கும், பதவிப் பெயரைப் பிரித்துக் கேளுங்கள். பிறகு லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பக்கத்தின் முன்னாள் மாணவர் பட்டியலைத் திறந்து, இடம் மும்பை என்று வைத்து, ‘எம் அண்ட் ஏ’ (M&A, கம்பெனி வாங்கல்-இணைப்பு), ‘ஈசிஎம்’ (ECM, பங்கு வெளியீடு), ‘டிசிஎம்’ (DCM, கடன் பத்திர வெளியீடு) என்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். கடைசி ஐந்து ஆண்டில் எத்தனை பேர், அவர்கள் நேரே அங்கிருந்து போனார்களா, நடுவில் வேறு எம்பிஏ படித்தார்களா என்று எண்ணிவிடலாம். அரை மணி நேர வேலை. எந்த கவுன்சிலரும் இதைவிட நேர்மையாகப் பதில் சொல்லமாட்டார்.

ஒரு கம்பெனியின் வரவுசெலவை எக்செல்லில் கணித்துப் பார்க்கும் மாடலிங் கற்க ஐம்பதாயிரம் கட்டவேண்டாம். பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் இணையதளத்தில் ஐபிஓ வரைவு ஆவணங்கள் இலவசம். அட்டையிலேயே எந்தெந்த வங்கிகள் அந்த வெளியீட்டை நடத்துகின்றன என்று இருக்கும். பங்கு விலைக்கான அடிப்படையைச் சொல்லும் அத்தியாயத்தில் போட்டி நிறுவனங்களோடு ஒப்பீடு கிடைக்கும், அந்த அட்டவணையை நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள். அடுத்து ஒரே ஒரு கம்பெனியின் ஐந்தாண்டு ஆண்டறிக்கை. சொந்த ஊர்ப் பாசத்தில் பலர் 1904-லிருந்து கும்பகோணத்தில் இருக்கிற சிட்டி யூனியன் வங்கியை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். வங்கிக்குக் கடன்தான் கச்சாப்பொருள், வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் லாபத்தைப் பார்க்கும் எபிட்டா என்ற கணக்கே அங்கே ஓடாது. ஹட்சன் அக்ரோ மாதிரி பால் வாங்கி, பதப்படுத்தி, விற்கும் தொழிலை எடுங்கள். கொள்முதல் விலை ஏறினால் லாபம் எங்கே கடிபடுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். லாபநட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்பாய்வு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் தேய்மானத்திலோ நடைமுறை மூலதனத்திலோ கூட்டல், கழித்தல் குறி மாறியிருக்கும்.

கல்விக் கடனுக்கு நிலப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் முன் மத்திய அரசின் பிஎம் வித்யாலக்ஷ்மி கடன் திட்டப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற திட்டம், அடமானமும் ஜாமீனும் கேட்கக்கூடாது. 7.5 லட்சம் வரையான கடனுக்கு அரசின் 75 சதவீத உத்தரவாதம் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை. கிளையில் தெரியாது என்று கைவிரித்தால் போர்ட்டலில் நேரடியாக விண்ணப்பித்து, அந்த எண்ணோடு திரும்பப் போங்கள்.