மலைப் படம் அருமை, ஒரு வரி மட்டும் கோளாறு
கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் கிடைக்கும் ‘குர்ஆனும் பூமியும்’ சுவர்ப்படத் தொகுப்பில் வசன எண்கள் சரியாக இருக்கின்றன. மலைப் படம்தான் உசத்தி. மலைகளை முளைகள் (தரையில் அடிக்கும் ஆப்புகள்) என்னும் 78:7 வசனத்தை, 1855-இல் ஆங்கிலேய வானியலாளர் ஏய்ரி சொன்ன சமநிலைக் கருத்தோடு, அதாவது உயர்ந்த மலைக்கு அடியில் ஆழமான வேர் இருக்கிறது என்பதோடு, இணைத்திருக்கிறார்கள். இமயத்துக்கு அடியில் பூமியின் மேலோடு சுமார் 70 கி.மீ. தடிமன், சமவெளியில் கிட்டத்தட்ட பாதி. குறுக்குவெட்டில் இது பளிச்செனத் தெரிகிறது.

சறுக்கல் அதன் கீழே: ‘ஆகவே மலைகள் நிலநடுக்கத்தைத் தடுக்கின்றன’. பூமியின் மேற்பரப்பிலுள்ள பெரிய பாறைத் தட்டுகள் மோதுவதால்தான் இமயமே எழுந்தது, அப்படி மோதும் இடங்களில்தான் நிலமும் அதிகம் குலுங்குகிறது. 2015 நேபாள நிலநடுக்கம் மறந்துபோச்சா? மதரஸா கண்காட்சிக்கு வாங்குகிறவர்கள் அந்த வரிமேல் தாள் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

இரும்புப் படம் (57:25) பரவாயில்லை. லேமினேஷன் கண் கூசுகிறது, ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். கருங்கல் குவாரி சூழ்ந்த ஊரில் விற்கிறார்கள், பாறை பற்றி ஒரு படமும் இல்லை!