இசைப் பட்டப்படிப்பு: ஜெர்மனியா, பிரிட்டனா?

விண்ணப்பம்: பிரிட்டனில் பெரும்பாலான கன்சர்வேட்டரிகளுக்கு (இசைக் கல்லூரிகளுக்கு) யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியே ஒரே படிவம், ஆறு விருப்பங்கள் வரை. கெடு அக்டோபர் தொடக்கத்திலேயே, அதாவது சேர்வதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே முடிந்துவிடும்; பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஜெர்மனியில் ஒவ்வொரு ஹோக்‌ஷூலேவுக்கும் (இசைக் கல்லூரிக்கும்) தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

செலவு: பிரிட்டனில் வெளிநாட்டவருக்கு ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல். ஜெர்மன் அரசுக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஒரு முக்கிய விலக்கு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை ஜெர்மன் விசாவுக்கு முன்பே முடக்குக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) காட்ட வேண்டும்.

நுழைவுத் தேர்வு: பிரிட்டனில் பல இடங்களில் வெளிநாட்டவர் காணொளிப் பதிவு அனுப்பலாம். ஜெர்மனியில் பெரும்பாலும் நேரில்தான். முதன்மைக் கருவியை நன்றாக வாசித்தால் மட்டும் போதாது. இசைக் கோட்பாடு, செவித்திறன், பல படிப்புகளில் துணைப் பாடமாகப் பியானோவும் உண்டு. ஜெர்மன் மொழிச் சான்றும் கேட்பார்கள். சுரப்பெயரிலும் ஒரு பொறி: ஆங்கில வழக்கில் நாம் 'பி' என்பது அங்கே 'ஹா', அவர்களின் 'பே' நம் 'பி ஃபிளாட்' ('பி'-க்கு அரைச் சுரம் கீழே).

கையில் பணமும் ஆங்கிலமும் இருந்தால் பிரிட்டன். ஓராண்டு ஜெர்மனும் கோட்பாடும் படிக்கப் பொறுமை இருந்தால் ஜெர்மனி.