புதுப் பெயிண்டை நம்பி ஆக்சில் வாங்காதீர்கள்

காடுமேடு ஓட்டும் வண்டிக்குக் கனமான பின் ஆக்சில் மாற்றும் யோசனையில் இருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். கறுப்புப் பெயிண்ட் மினுமினுக்க ஒரு ஆக்சில் வந்தது. பேசியது ஒன்று, மூடிக்குள் இருந்தது வேறொன்று.

என் வண்டியில் கம்பெனி கொடுத்தது செமி ஃபுளோட்டிங் ஆக்சில். அந்த வகையில் சக்கரத்தைச் சுற்றுவதும் வண்டியின் எடையைத் தாங்குவதும் ஒரே ஷாஃப்ட்தான். 37 அங்குல டயர் போட்ட பிறகு, ஒரு பாறை ஏற்றத்தில் பேரிங்குக்குப் பக்கத்தில் ஷாஃப்ட் முறிந்து, மிச்சத் துண்டோடு சக்கரம் வெளியே வந்துவிட்டது. ஃபுல் ஃபுளோட்டிங்கில் இந்த ஆபத்து இல்லை. ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) முனையில் உள்ள ஸ்பிண்டில் என்ற சுற்றாத குழாயும், அதன் மேல் இரண்டு பேரிங்கில் ஓடும் ஹப்பும் எடையைத் தாங்கிக்கொள்ளும். ஷாஃப்டுக்குச் சுற்றும் வேலை மட்டும். அது முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். ஷாஃப்டை உருவிவிட்டு முன் சக்கர இழுவையில் வெளியே வந்துவிடலாம்.

அதனால் ஜிஎம் 14 போல்ட் ஃபுல் ஃபுளோட்டிங் என்று முடிவு செய்தேன். மூடியில் 14 போல்ட் இருப்பதால் அந்தப் பெயர். இன்னொரு கன ஆக்சிலான டானா 60-ஐயும் யோசித்தேன். அதன் கிரவுன் வீல் (ஆக்சிலுக்குள் உள்ள பெரிய பல்சக்கரம்) 9.75 அங்குலம், 14 போல்ட்டில் 10.5 அங்குலம். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது பினியன், அதாவது கிரவுனைச் சுற்றும் சிறிய பல்சக்கரம். 14 போல்ட்டில் பினியனின் உள்முனையையும் ஒரு மூன்றாவது பேரிங் பிடித்துக்கொள்கிறது. பாரம் ஏறும்போது பினியன் கிரவுனை விட்டு விலக முடியாது. எடை அதிகம், இந்தக் கியர்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் வயிறு கீழே தொங்கும், அது உண்மை. அடிப்பாகத்தைச் சீவி உயரம் கூட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. இந்தத் தேர்வைப் பற்றி இன்றும் எனக்கு வருத்தம் இல்லை.

முதலில் ஒரு விற்பனையாளர் "14 போல்ட்தான், எண்ணிப் பாருங்கள்" என்று வேறொன்றைக் காட்டினார். எண்ணினால் பதினான்கு சரியாக இருந்தது. ஆனால் அது 9.5 அங்குல கிரவுன் உள்ள செமி ஃபுளோட்டிங். அதன் மூடியிலும் 14 போல்ட்தான். போல்ட்டை மட்டும் எண்ணி வாங்காதீர்கள். சக்கரத்தின் நடுவே ஹப் துருத்திக்கொண்டு நின்று, அதன் முகத்தில் ஷாஃப்டைப் பிடிக்கும் 8 போல்ட் வட்டமாக இருந்தால்தான் நமக்கு வேண்டிய ஆக்சில். டானா 60, ஸ்டெர்லிங் 10.25 இரண்டிலும்கூட இரு வகையும் உண்டு, பெயரை மட்டும் கேட்டு நம்ப முடியாது.

சரி, அதிலிருந்து தப்பி ஒரு பட்டறைக்குப் போனேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. பேசியது இவ்வளவுதான்: ஹவுசிங்கைச் சுத்தம் செய்து, எல்லா பேரிங்கும் சீலும் புதிதாகப் போட்டு, என் முன் ஆக்சிலுக்குப் பொருந்தும்படி 4.56 ரேஷியோ (சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் பினியன் 4.56 சுற்று) உள்ள கிரவுன் பினியன் மாற்றி, என் வண்டியின் பட்டை ஸ்பிரிங்குக்கு ஏற்ற சீட்டுகளை (ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளை) வெல்டிங் செய்து மாட்டித் தர வேண்டும். "ஒன்றும் கவலைப்படாதீர்கள்" என்றார்கள்.

வண்டியை எடுத்து ஓட்டிய முதல் நாளே, அதே வேகத்தில் இன்ஜின் சுற்று முன்பைவிடக் குறைவாக இருந்தது. அதுதான் முதல் அறிகுறி, எனக்கு அப்போது பிடிபடவில்லை. வேகம் கூடக் கூட அடியில் ஒரு அதிர்வு. கியரில் பாரம் கொடுத்தால் ஒரு முனகல். கேட்டதற்கு, "புது கியர் சார், ஓடி ஓடிச் சரியாகிவிடும்" என்றார்கள். சரியாக செட் செய்த கிரவுன் பினியன் முதல் நாளிலேயே அமைதியாக ஓட வேண்டும். முனகும் கியர் ஓடி ஓடி மோசமாகத்தான் ஆகும். இதை அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அப்புறம் ஒரு மண் ஏற்றத்தில் நான்கு சக்கர இழுவையில் போட்டேன். முன் சக்கரங்களைப் பின்னால் இருந்து யாரோ தள்ளுவது போல வண்டி நேராகவே போனது, ஸ்டீயரிங் திரும்ப மறுத்தது. விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லீவரைத் திரும்ப எடுக்கப் பெரும்பாடு ஆகிவிட்டது. சில வாரங்களில் பின் டயர் இரண்டும் உள் ஓரத்தில் தேய்ந்திருந்தன. இடது ஹப் சீல் வழியாக ஆயில் கசிந்து பிரேக்கை நனைத்திருந்தது. பின் பிரேக் ஒரு பக்கம் பிடிக்காமல் இறக்கத்தில் இறங்குவது எப்படிப்பட்ட பயம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதுவும் பேசாமல் முதலில் மூடியைத் திறந்தார். கிரவுன் வீல் ஓரத்தில் 41, 10 என்று பொறித்திருந்தது. 41-ஐ 10-ஆல் வகுத்தால் 4.10. 4.56 என்றால் அங்கே 41, 9 என்று இருக்க வேண்டும். பழைய கியரைத் தொடவே இல்லை! காரணத்தையும் அவர்தான் விளக்கினார். இந்த ஆக்சிலில் 4.10 வரை ஒரு கேரியர் (கிரவுனைத் தாங்கும் கூடு), 4.56-இலிருந்து வேறு கேரியர். கேரியரையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பழைய கேரியருக்கென்று தடிமனாகச் செய்த கிரவுன் வாங்க வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இருந்ததையே கழுவி மூடியிருக்கிறார்கள். முன்னால் 4.56, பின்னால் 4.10 என்றால் பின் சக்கரங்கள் 11 சதவீதம் வேகமாகச் சுற்றப் பார்க்கும். இரண்டு சக்கர இழுவையில் யாருக்கும் தெரியாது. நான்கில் போட்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான் பலியாகும்.

பேரிங் எதுவும் புதிதில்லை. பினியன் பேரிங் உருளைகளில் குழி விழுந்திருந்தது. பினியன் நட்டை மட்டும் இறுக்கி, பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கி இறுக்கம் தரும் ஸ்லீவைப் பழையதாகவே விட்டிருந்தார்கள். ஒருமுறை நசுங்கிய ஸ்லீவ் மறுபடி சரியான இறுக்கம் தராது. காற்று போய்வரும் பிரீதர் துளைக்குள் பெயிண்ட் போய் அடைத்திருந்தது. சூடான ஆக்சிலில் காற்று வெளியேற வழியில்லாமல் சீல் வழியாக ஆயில் தள்ளப்படும். அதே சூட்டோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும்.

இதெல்லாம் மாற்றிவிடலாம். என் வயிற்றைக் கலக்கியது வெல்டிங்தான். ஸ்பிரிங் சீட்டை ஆக்சில் குழாயின் மேல்பக்கம் வைத்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வெல்டிங் இழுத்திருக்கிறார்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கும். மேல்பக்கம் சுருங்கினால் குழாயின் வெளிமுனை மேலே வளையும், சக்கரத்தின் தலை உள்ளே சாயும். டயர் உள் ஓரம் தேய்ந்ததற்கும் சீல் போனதற்கும் அதுதான் காரணம். விட்டிருந்தால் ஷாஃப்டின் ஸ்ப்ளைன்களும் (முனையில் உள்ள பற்களும்) தேய்ந்திருக்கும். இந்த வேலையைச் செய்யும் முறை வேறு: கொஞ்சம் இந்தப் பக்கம், ஆறவிட்டு, கொஞ்சம் அந்தப் பக்கம். கேரியர் பேரிங் இடத்தில் வளையம் பொருத்தி, நேர் கம்பி ஒன்றை முனைவரை செலுத்தி, வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். அந்தக் கம்பி உங்களிடம் உண்டா என்று பட்டறையில் கேளுங்கள். இல்லை என்றால் அங்கே வெல்டிங் வேண்டாம்.

அதிர்வுக்குக் காரணம் பினியன் கோணம். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருந்தபோதே சீட்டை ஒட்டிவிட்டார்கள். எடை இறங்கியதும் கோணம் மாறிவிட்டது. ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் பினியனையும் இணைக்கும், முனைக்கு ஒரு ஜாயிண்ட் உள்ள சாதாரண புரொப்பல்லர் ஷாஃப்டில், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வெளிமுனையும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். என் வண்டியில் 7 டிகிரி வித்தியாசம். சீட்டுகளைப் புள்ளி வெல்டிங்கில் மட்டும் பிடித்து, வண்டியின் முழு எடையையும் டயரில் இறக்கி, கோணம் பார்த்த பிறகுதான் முழுதாக வெல்டிங் செய்ய வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயிண்ட் இருந்தால் கணக்கு வேறு. அப்போது பினியன் ட்ரான்ஸ்ஃபர் கேஸை நோக்கியே பார்க்க வேண்டும், ஓட்டும்போது பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பினியனை மேலே தூக்கும் என்பதால் ஓரிரு டிகிரி தாழ்வாக.

நீங்கள் பழைய ஆக்சில் பார்க்கப் போனால், விற்பவர் மூடியைத் திறக்க மறுத்தாலும் ரேஷியோவைக் கண்டுபிடிக்கலாம். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பினியன் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. லாக்கர் (இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் அமைப்பு) இல்லாத டிஃபரன்ஷியலில் மட்டும் இது சரிவரும். பட்டறையில் கொடுத்தால் மூன்று கேளுங்கள்: பல்லில் மஞ்சள் சாயம் தடவி எடுத்த பதிவின் படம், டயல் கேஜில் பார்த்த பிளே (கியர் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) அளவு, கழற்றிய பழைய பேரிங்குகள். பிளே பொதுவாக 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள் வரும், கியருடன் வரும் தாளில் சரியான அளவு இருக்கும். பெயிண்ட் கடைசி வேலையாக, நீங்கள் பார்த்த பிறகு நடக்கட்டும்.

இரண்டாவது மெக்கானிக் சீட்டுகளை அறுத்தெடுத்து, குழாயின் அடிப்பக்கம் சூடு கொடுத்து, கம்பி வைத்து நேராக்கினார். 4.56 கியர், அதற்கான கேரியர், எல்லா பேரிங்கும் புதிது. முதல் ஓட்டம் அரை மணி நேரம், பிறகு முழுதாக ஆறவிட்டார். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்து, சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றினோம். இப்போது முனகல் இல்லை, டயர் சமமாகத் தேய்கிறது.

முதல் பட்டறைக்கு 41, 10 பொறித்த கிரவுன் வீலின் படத்தை அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நாங்கள் போட்டது அது இல்லை" என்று ஒரே ஒரு வரி வந்தது. அதன் பிறகு என் அழைப்பை எடுப்பதில்லை. அந்தக் கிரவுனையும் குழி விழுந்த பேரிங்குகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.