மைவிக்கு ஏர் சஸ்பென்ஷன்: சுங்கை சிப்புட் பட்டறையில் செய்த வேலை

தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓடும் மைவி காருக்கு, ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பை வைக்கும் ஏர் சஸ்பென்ஷனெல்லாம் எதற்கு என்று அண்ணி கேட்டது நியாயம்தான். ஆனால் தாழ்வான ஸ்பிரிங் போட்டு, லயத்து வீட்டு வாசல் மேட்டில் இரண்டு தடவை பம்பரை உரசியவனுக்குத்தான் தெரியும், பட்டனை அமுக்கியதும் வண்டி எழும்புவது எவ்வளவு நிம்மதி என்று.

வேலைக்கு முன் பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து விளக்கினார்கள், அது பிடித்தது. முன்னால் ஸ்ட்ரட்டோடு (ஷாக் அப்சார்பர் தண்டு) சேர்ந்த காற்றுப்பை, பின்னால் ஸ்பிரிங் இருந்த இடத்தில் தனிப்பை. கம்ப்ரசர் காற்றடித்து டேங்கை நிரப்பி வைக்கும், பைகளுக்குக் காற்று அங்கிருந்து போவதால்தான் வண்டி சட்டென்று எழும்புகிறது. ஸ்பேர் டயர் குழியில் டேங்கை வைக்கலாம் என்றார்கள். நான் விடவில்லை, செம்பனை முள் குத்தினால் நடுத்தோட்டத்தில் யாரைக் கூப்பிடுவது?

மூன்றாம் நாள் காலையில் முன் இடது பக்கம் தரையோடு படுத்துக் கிடந்தது. சோப்புத் தண்ணீர் தடவினேன், காற்றுக் குழாய் மாட்டும் ஃபிட்டிங் ஓரத்தில் குமிழி. குழாயை நேராக வெட்டாமல் சரிவாக வெட்டியிருக்கிறார்கள், அப்புறம் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங், எப்படிப் பிடிக்கும்? காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், சரி. ஆனால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி பற்றி நானாகக் கேட்கும்வரை யாரும் வாய் திறக்கவில்லை, அதுதான் கடுப்பு. தண்ணீர் பிடிக்கும் ஃபில்டரும் போடவில்லை, நானே வாங்கி மாட்டினேன். அதற்கு முன் டேங்க் அடி வால்வைத் திறந்தபோது அரைக் கோப்பைத் தண்ணீர் வந்தது, தேத்தண்ணி நிறத்தில்.