ஏரியா சேனலுக்கு எது ஒத்துவரும்: பாட்டு ஓட்டமா, சுழற்சியா, நேரலையா?

வடசென்னையில் ஏரியா சேனல், அதாவது கேபிளில் அந்தப் பகுதிக்கு மட்டும் வரும் உள்ளூர் டிவி சேனல், தொடங்க நினைக்கும் குழுக்கள் முதலில் கேமரா விலையைத்தான் விசாரிக்கின்றன. அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது: நாளுக்கு 24 மணி நேரத்தை எதை வைத்து நிரப்புவது? வழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று. சினிமாப் பாட்டும் பிறந்தநாள் வாழ்த்தும் ஓட விடுவது ஒன்று. சில மணி நேர நிகழ்ச்சியைத் தொகுத்துத் திரும்பத் திரும்பப் போடும் சுழற்சி இரண்டாவது. தினமும் நேரலைக்கு உட்காருவது மூன்றாவது. மூன்று பேர் வேலை பார்க்கும் சேனலுக்குச் சுழற்சிதான் சரி. ஆனால் அது எத்தனை மணி நேரச் சுழற்சி, எந்த மணிக்குத் தொடங்குகிறது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும்.

பாட்டு ஓட்டத்துக்கு ஆள் வேண்டாம், எடிட்டிங் வேண்டாம். ஒரு கணினியும் ஒரு பட்டியலும் போதும். சிக்கல் உரிமையில் வரும். ஒரு சினிமாப் பாட்டில் இசைப்பதிவுக்குத் தனி உரிமை, காட்சிக்குத் தனி உரிமை. டிவிடி வாங்கியதால் ஒளிபரப்பும் உரிமை கையில் வந்துவிடாது. அதே ஓட்டத்தை யூடியூபிலும் ஏற்றினால் 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் (மீறல் எச்சரிக்கை) விழுந்து சேனலே நீக்கப்படலாம். இந்தப் பக்கத்துக் கானாவைப் பாடியவரை நேரில் பிடிக்க முடியும். அவரிடமும், எழுதியவர், வாசித்தவர்களிடமும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் எத்தனை முறை போட்டாலும் பயமில்லை.

வாழ்த்துப் படங்களை மட்டும் யாரும் இளப்பமாகப் பார்க்க வேண்டாம். தன் பேத்தி முகம் டிவியில் வருவதற்காகவே சேனலைத் திருப்பும் பாட்டிகள்தான் இதன் நிலையான பார்வையாளர்கள். ஒரு படத்துக்கு 15 விநாடி என்றால் 20 படத்துக்கு 5 நிமிடம். அதை நாள் முழுக்க இறைக்காமல் குறிப்பிட்ட நிமிடத்தில் வைத்தால் அதற்கு முன்னும் பின்னும் வருவதையும் பார்ப்பார்கள்.

சுழற்சிக்கு வருவோம். நான்கு மணி நேரத் தொகுப்பு என்றால் நாளுக்கு ஆறு சுற்று. பலர் காலை 6 மணிக்குத் தொடங்குகிறார்கள். மணலி, எண்ணூர் தொழிற்சாலைப் பக்கம் அது பெரிய பிழை. 6–2, 2–10, 10–6 என்று ஷிப்ட் ஓடும் இடத்தில் 6, 10, 2 மணிக்குச் சுற்று தொடங்கினால், ஒவ்வொரு முறையும் தொழிலாளி கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது முதல் நிகழ்ச்சி ஓடி முடிந்திருக்கும். 7, 11, 3 என்று ஒரு மணி நேரம் தள்ளி வைத்துப் பாருங்கள். நைட் ஷிப்ட் முடித்தவருக்குக் காலை 7, பகல் ஷிப்ட்காரருக்கு மதியம் 3, இரவு 10 மணிக்கு வெளியே வருபவருக்கு 11. வீட்டு வேலை கொஞ்சம் ஓய்ந்த பெண்களுக்குக் காலை 11 மணிச் சுற்று. விடியற்காலை 3 மணிச் சுற்றுக்குப் பார்வையாளர் குறைவு. காசிமேட்டுக்காரர்கள் அந்நேரம் ஏலத்தில் நிற்பார்கள். முந்தைய மாலையே புதிய கோப்புகளை ஏற்றி, பட்டியல் தானாக மாறும்படி வைக்க அதுதான் தோதான நேரம்.

நான்கு மணி நேரச் சுழற்சியில் ஒரு ஓட்டை உண்டு. 24ஐ நான்கு மீதியில்லாமல் வகுக்கும். அதனால் இரவு 8 முதல் 9 வரை மட்டும் டிவி பார்ப்பவருக்கு எந்நாளும் தொகுப்பின் இரண்டாவது மணி நேரம் மட்டுமே கண்ணில் படும். மீதி மூன்று இருப்பதே தெரியாது. ஐந்து மணி நேரச் சுழற்சியில் இந்தச் சிக்கல் இல்லை. தினமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், ஐந்து நாளில் எல்லாப் பகுதியும் எல்லா நேரத்திலும் வந்துவிடும். ஆனால் “ஏழு மணிக்குப் போடுவாங்க, பாரு” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல முடியாது. ஏரியா சேனலுக்கு விளம்பரமே அந்த வாய்ச்சொல்தான். எனவே நான்கு மணி நேரத்தையே வைத்துக்கொண்டு, முதல் மணி நேரத்தை அசைக்காமல், மீதி மூன்றின் வரிசையை மட்டும் தினமும் மாற்றுவதே நல்லது. முதல் நாள் 1-2-3, மறுநாள் 2-3-1, அதற்கு மறுநாள் 3-1-2. எட்டு மணிக்காரரும் மூன்று நாளில் மூன்றையும் பார்த்துவிடுவார்.

இதற்கு நாளொன்றுக்குப் புதிதாக வேண்டியது 35 நிமிடம். முதல் மணி நேரத்தில் 15, மாறும் மூன்று மணி நேரத்தில் 20. அந்த 180 நிமிடமும் ஒன்பது நாளில் புதிதாகிவிடும். கேரம் போட்டியோ வியாசர்பாடி கால்பந்து ஆட்டமோ ஒன்றைப் பதிவு செய்தால் இரண்டு நாள் பாடு தீர்ந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைத் தவறவிடக் கூடாது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பழுது பார்ப்பவரும் இன்ஜின் மெக்கானிக்கும் கைவேலையைக் காட்டிக்கொண்டே பேச நேரம் இருக்கும், பார்ப்பவர்களும் பகலில் வீட்டில் இருப்பார்கள்.

பதிவில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். செல்போன் கேமரா விநாடிக்கு இத்தனை ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று சீராக எடுக்காது. வெளிச்சத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும். அரை மணி நேரப் பேட்டியின் கடைசியில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போவது இதனால்தான். எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் 25 ஃபிரேம், சீரான வேகம் என்று மாற்றிக்கொண்டால் சரியாகும். டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடு ஓடினால் ஷட்டரை (ஒரு படத்துக்குக் கேமரா ஒளி வாங்கும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 விநாடிக்கு வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒலி அளவு இன்னொரு தலைவலி. யூடியூபுக்கென்று மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ்-இல் (ஒலியின் சராசரி உரப்பை அளக்கும் அலகு; மைனஸ் எண் கூடினால் சத்தம் குறைவு) செய்த கோப்பையும் மைனஸ் 23இல் செய்ததையும் அடுத்தடுத்துப் போட்டால் பார்ப்பவர் ரிமோட்டைத் தேடுவார். எல்லாவற்றையும் மைனஸ் 23க்குக் கொண்டுவந்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நேரலை தினமும் வேண்டாம். ஸ்டுடியோவில் இருவர் உட்கார்ந்து தொலைபேசி அழைப்பு எடுக்கும் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு மூன்று பேரும் கட்டுண்டு கிடப்பார்கள். அன்றைய 35 நிமிடம் நின்றுபோகும். அழைப்பவர் வீட்டு டிவியில் குரல் சில விநாடி தாமதமாகத் திரும்பி வரும், அவர் குழம்பி நிறுத்திவிடுவார். இணைப்புக் கொடுப்பதற்கு முன்பே “டிவி சத்தத்தைக் குறைச்சிடுங்க” என்று சொல்ல வேண்டும். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் எதை ஒளிபரப்பக் கூடாது என்று சொல்லும் கேபிள் டிவி விதிகள் 1994இன் 6வது விதிக்குப் பதில் சொல்ல வேண்டியது சேனல்தான்.

ஜனம் ஏற்கெனவே கூடும் இடத்தில்தான் நேரலைக்கு மதிப்பு: திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் விழா, இறுதிப் போட்டி. அங்கே சிம் கார்டை நம்பாதீர்கள். முந்தைய நாள் சோதனையில் அருமையாகப் போன இணையம், கூட்டத்தில் எல்லோரும் போனைத் தூக்கியதும் படுத்துவிடும். கேபிள் ஆபரேட்டரின் ஃபைபர் அந்தத் தெருவில் போகிறதா என்று முதலில் கேளுங்கள். கேமராவிலிருந்து வீடியோ மிக்சருக்கு (கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் கருவிக்கு) எச்.டி.எம்.ஐ வயர் 15 மீட்டரைத் தாண்டினால் தகராறு செய்யும். எஸ்.டி.ஐ (தொழில்முறைக் கேமராக்களின் வீடியோ இணைப்பு) என்றால் ஆபரேட்டரிடம் சுருளாகக் கிடக்கும் ஆர்.ஜி.6 கேபிள் டிவி வயரிலேயே சுமார் 100 மீட்டர் வரை போகலாம். கேமராவுக்கும் ஒலிபெருக்கிக்காரர் மிக்சருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். இல்லையென்றால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் ஏறும்.

சட்டப்படி இதுபோன்ற சேனல் எம்.எஸ்.ஓ-வின் (உள்ளூர் ஆபரேட்டர்களுக்குச் சேனல்களைத் தொகுத்துக் கொடுக்கும் பெரிய கேபிள் நிறுவனத்தின்) ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’, அதாவது அந்த நிறுவனமே தன் சந்தாதாரருக்குப் போடும் சொந்தச் சேனல், கணக்கில் வரும். 2022 நவம்பர் வழிகாட்டுதலின்படி சேனல் ஒன்றுக்கு ஒரு முறை பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய், உள்ளூர்ச் செய்தி போடுவதென்றால் கம்பெனியாகப் பதிவு, ஒளிபரப்பிய அத்தனையின் வீடியோவையும் 90 நாள் சேமித்து வைத்திருப்பது கட்டாயம். விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் சேமித்தால் 90 நாளுக்கு ஏறக்குறைய 1.94 டெராபைட். 2 டிபி ஹார்ட் டிஸ்க் விளிம்பு வரை நிரம்பும். 4 டிபி வாங்குங்கள்.

சுழற்சியின் நிஜமான ஆபத்து எச்சரிக்கையில் இருக்கிறது. நேற்று மாலை பதிவு செய்த ‘கடலுக்குப் போக வேண்டாம்’ இன்று காலையும் ஓடினால் ஒருவரின் ஒரு நாள் பிழைப்பு போகும். நேற்றைய ‘கடல் அமைதி’ இன்று ஓடினால் உயிரே போகலாம். ஆகவே எச்சரிக்கை எதையும் நிகழ்ச்சிக் கோப்புக்குள் பேசிப் பதியக் கூடாது. கீழே ஓடும் எழுத்தில் மட்டும், வெளியிட்ட நேரமும் முடியும் நேரமும் சேர்த்து, அந்நேரம் வந்ததும் தானாக அழியும்படி போட வேண்டும். பூண்டியில் மதகு திறந்து கொசஸ்தலையாற்றில் தண்ணீர் வரும்போது சடையன்குப்பம், மணலி புதுநகர்க்காரர்களுக்கும் இதே முறைதான். மழை வலுத்து மின்சாரம் நின்றால் டிவியே இருக்காது, ஆகவே முந்தைய மாலை 7 மணிச் சுற்றுக்குள் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றியதும் ஒருமுறை டிவியில் பாருங்கள். யூனிகோடு தெரியாத பழைய மென்பொருளில் ஒற்றைக் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘தெற்கு’ என்ற சொல்லையே வாசிக்க முடியாது; காற்று எந்தத் திசை என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.